திரைகளை வரையக் கருவி தேர்வது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

மென்பொருளுக்கு நிரல் எழுதத் தொடங்கும் முன்பே அதன் திரைகளை வரைந்து பார்க்கும் வழக்கம் பரவிவருவதால், அதற்கான கருவிகள் குறித்துப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளைத் தொகுத்து இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: மூவர் கொண்ட சிறிய குழுவில் நிரலாளராக இருக்கிறேன். நிரல் எழுதும் முன் திரைகளை வரைந்து காட்டும்படி கேட்கிறார்கள். ஃபிக்மா, பால்சமிக், பென்சில், ஸ்கெட்ச், அக்ஷூர் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதைக் கற்றுக்கொள்வது?

பதில்: கருவியின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள், நீங்கள் இன்று வரையப்போகும் படம் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். எத்தனை திரைகள் வேண்டும், பயனர் எந்தத் திரையிலிருந்து எந்தத் திரைக்குச் செல்வார் என்பதே இன்னும் முடிவாகாத நிலையில் தாளும் பேனாவும் வெண்பலகையும் போதும். எக்ஸ்காலிட்ரா போன்ற எளிய வரைபலகையும் அந்த நிலைக்குப் பொருந்தும். திரைகள் இவைதாம் என்று முடிவான பிறகு, ஒவ்வொன்றிலும் எந்தெந்தப் புலங்கள் (பெயர், தொகை போன்ற விவரங்களுக்கான இடங்கள்) இடம்பெற வேண்டும், எது மேலே வர வேண்டும், எந்தப் பொத்தான் முதன்மையானது என்று பேசுவதற்கு, பொத்தான், பட்டியல், அட்டவணை, தேர்வுக்கட்டம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருக்கும் பால்சமிக்கும் பென்சிலும் உதவும். நிறம், எழுத்துரு, இடைவெளி ஆகியவற்றைத் துல்லியமாக முடிவுசெய்து நிரலாளரிடம் ஒப்படைக்கும் நிலையில்தான் ஃபிக்மா, ஸ்கெட்ச், பென்பாட் ஆகியவற்றின் முழு ஆற்றலும் பயன்படும். ஒரு புலத்தில் தரப்படும் விடையைப் பொறுத்து அடுத்த புலம் மாற வேண்டும் என்பது போன்ற நடத்தையைச் சோதிக்க வேண்டுமானால், நிபந்தனைகளையும் மாறிகளையும் கையாளத் தெரிந்த அக்ஷூர் போன்ற கருவி தேவைப்படும்.

இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு படத்துக்கு அரை நாள் உழைத்தவர் அதைக் கைவிட எளிதில் மனம் கொள்வதில்லை. பத்து நிமிடத்தில் வரைந்தவர் தயக்கமின்றிக் கிழித்துப்போட்டுவிட்டு வேறொன்றை வரைவார். தொடக்க நிலைப் படம் தையற்காரர் துணியின் மேல் சுண்ணக்கட்டியால் இடும் கோட்டைப் போன்றது. வெட்டுவதற்கு முன் எத்தனை முறையும் அழித்துப் போடலாம் என்பதே அதன் மதிப்பு. ஆகவே ஒரு கருவியால் எவ்வளவு அழகாக வரைய முடியும் என்பதைவிட, அதில் வரைந்ததை எவ்வளவு எளிதாகக் கைவிட முடியும் என்பதை முதலில் பாருங்கள்.

உங்கள் குழுவைப் பொறுத்தவரை, தாளில் தொடங்கி, பால்சமிக் அல்லது பென்சிலில் முடித்துக்கொள்ளும்படி பரிந்துரைக்கிறேன். ஃபிக்மா மிகச் சிறந்த கருவி. டிலன் ஃபீல்டும் இவான் வாலஸும் 2012இல் தொடங்கிய அந்நிறுவனம் 2016இல் அதைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்தபோது, உலாவிக்குள்ளேயே பலர் ஒரே படத்தில் ஒரே நேரத்தில் பணியாற்ற முடிந்தது வடிவமைப்பாளர்களின் வேலை முறையையே மாற்றியது. ஆயினும் காட்சி வடிவமைப்பாளர் எவரும் இல்லாத குழு அதைக் கையில் எடுத்தால், புலங்களைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் ஓரங்களின் வளைவைச் சரிசெய்வதில் கழியும். ஸ்கெட்ச் 2010இல் வெளிவந்த நேர்த்தியான கருவிதான் என்றாலும், அதில் வரைவதற்கு மேக் கணினி வேண்டும். குழுவில் ஒருவரிடம் விண்டோஸ் இருந்தாலும் அது உங்களுக்கு ஒத்துவராது.

கேள்வி: இத்தனை மென்பொருள்கள் இருக்கும்போது தாளில் வரையச் சொல்வது பழைய முறைக்குத் திரும்புவதாகாதா?

பதில்: ஆகாது. பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அது 1996இல் விற்பனைக்கு வருவதற்கு முன், சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து, திரைகளை அச்சிட்ட தாள்களை அதன்மேல் ஒட்டி, நாட்கணக்கில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடினார். சந்திப்புக்கு நாள் குறிக்க வேண்டிய போதெல்லாம் அக்கட்டையை வெளியே எடுத்து, ஒரு குச்சியால் தொட்டு, உண்மையான கருவியை இயக்குவது போலவே இயக்கிப் பார்த்தார். எந்தச் செயல் அடிக்கடி தேவைப்படுகிறது, எதற்கு எத்தனை தொடுகைகள் ஆகின்றன என்பது ஒரு வரி நிரல்கூட இல்லாமலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

தாளில் வரைவதற்கு ஒரேயொரு ஒழுங்கை மட்டும் கடைப்பிடியுங்கள்: கைப்பேசித் திரையாக இருந்தால் உண்மையான அளவிலேயே வரையுங்கள். கைப்பேசியைத் தாளின் மேல் வைத்து அதன் எல்லையைக் கோடிட்டு, அச்சட்டத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டால் போதும். தொடக்கூடிய எதுவும் குறைந்தது 48 dp (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) அகலமும் உயரமும் உடையதாக இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. அது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஆப்பிள் 44 புள்ளிகள் என்கிறது. பெரிய தாளில் தாராளமாக வரைந்தவர்கள், ஒரே வரிசையில் எட்டுப் பொத்தான்களை அடுக்கிவிட்டுப் பிறகு கட்டைவிரலுக்கு இடமில்லாமல் திண்டாடுவது இந்த அளவை மறப்பதால்தான்.

தாளுக்கும் எல்லை உண்டு. குழுவினர் வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும், ஒரே தலைப்பகுதி இருபது திரைகளில் திரும்பத் திரும்ப வந்தாலும், பல நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையை மூன்றாம் முறையாக மாற்றி வரைய நேர்ந்தாலும், கணினிக்கு மாறிவிடுங்கள். படியெடுப்பதிலும் மாற்றியடுக்குவதிலும் கணினியை விஞ்ச முடியாது.

கேள்வி: ஒரு வாடிக்கையாளருக்குத் திரைகளை மிக நேர்த்தியாக வரைந்து காட்டினேன். கூட்டம் முழுவதும் நிறத்தைப் பற்றியே பேசினார்கள். இறுதியில், ‘பெரும்பாலும் முடிந்துவிட்டதே, எப்போது தருவீர்கள்?’ என்று கேட்டார்கள். புலங்களின் வரிசை சரியா என்ற என் கேள்விக்கு விடை கிடைக்கவேயில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: அவர்கள் மீது தவறில்லை, படம் என்ன சொன்னதோ அதற்குத்தான் விடையளித்திருக்கிறார்கள். நேரான கோடும் சீரான நிழலும் தேர்ந்த எழுத்துருவும் ‘இவையெல்லாம் முடிவாகிவிட்டன’ என்ற செய்தியைப் பார்ப்பவருக்குத் தந்துவிடுகின்றன. அமைப்பு முடிவாகிவிட்டதாகத் தோன்றும்போது, கருத்துச் சொல்ல எஞ்சியிருப்பது நிறம் மட்டுமே. கோணலான கோடும் கையால் கிறுக்கியது போன்ற எழுத்தும் ‘இதை இன்னும் மாற்றலாம்’ என்று சொல்வதால், பார்ப்பவர் அமைப்பிலேயே கைவைக்கத் துணிகிறார்.

இத்துறையில் இது நெடுநாளாக அறியப்பட்ட செய்தி. யின் யின் வாங் 1992இல், மனிதர்–கணினி ஊடாட்டம் பற்றிய மாநாடு ஒன்றில் அளித்த கட்டுரையில், வரைகலைத் துறையினர் தொடக்கத்தில் வேண்டுமென்றே முழுமையற்ற படங்களைக் காட்டுவதன் பயனை விளக்கி, இடைமுக வடிவமைப்பாளர்களும் அதைப் பின்பற்றலாம் என்றார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லாண்டேயும் பிராட் மையர்ஸும் உருவாக்கி 1995இல் விவரித்த சில்க் என்ற மென்பொருள், மின்பேனாவால் கிறுக்கிய கோடுகளைப் பொத்தான் என்றும் பட்டியல் என்றும் இனங்கண்டு, அவற்றைக் கோடுகளாகவே விட்டுவைத்து இயங்கச் செய்தது. ஜாவா நிரல்களுக்காக கென் அர்னால்ட் உருவாக்கிய நாப்கின் என்ற தோற்றமோ, உண்மையில் இயங்கும் நிரலையே கைதுடைக்கும் தாளில் கிறுக்கியது போலக் காட்டியது. நிரல் முடியும் முன் முடிந்துவிட்டதாக எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். முன்பு அடோபி நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக்கமோ குவிலிட்சோனி 2008இல் வெளியிட்ட பால்சமிக், இந்தக் கருத்தையே ஒரு முழுக் கருவியாக்கிப் பரவலாகக் கொண்டுசேர்த்தது.

அடுத்த கூட்டத்துக்குச் சாம்பல் நிறத்தில், ஒரே எழுத்துருவில், கைவரைவுத் தோற்றத்தில் படங்களைக் கொண்டுசெல்லுங்கள். ஒரே அமைப்பைக் காட்டாமல் இரண்டு மூன்று மாற்று அமைப்புகளை அருகருகே வையுங்கள். ஒரே படத்தைக் காட்டினால், ‘நன்றாக இருக்கிறது’, ‘பிடிக்கவில்லை’ என்ற இரண்டு விடைகளே கிடைக்கும். இரண்டைக் காட்டும்போது, இதில் அது ஏன் மேலே இருக்கிறது, அதில் இது ஏன் இல்லை என்று அவர்களே ஒப்பிட்டுப் பேசத் தொடங்குவார்கள். நிறத்தை ஒதுக்கினாலும் உள்ளடக்கத்தை உண்மையாகவே வையுங்கள். விலைப்பட்டியல் திரையென்றால் அவர்களுடைய பொருள்களின் பெயர்களும் அவர்கள் வழக்கமாக எழுதும் தொகைகளும் அதில் இருக்கட்டும். வரிசை பிழையாக இருந்தால் அப்போதுதான் அவர்கள் கண்ணில் படும்.

கைவரைவுத் தோற்றம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணம் செலுத்தும் பக்கத்தைப் பார்க்கும் ஒருவருக்கு நம்பிக்கை பிறக்கிறதா என்று அறிய விரும்பினால், கிறுக்கல் படத்தைக் காட்டிப் பயனில்லை. அங்கே நிறமும் எழுத்துருவுமே கேள்வியின் மையம். சில கூட்டங்களில் கைவரைவு அக்கறையின்மையாகவும் பொருள்கொள்ளப்படலாம். பால்சமிக்கில் அதே படத்தைக் கைவரைவுத் தோற்றத்திலிருந்து நேர்கோட்டுத் தோற்றத்துக்கு ஒரே தேர்வில் மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பதால், அவையறிந்து மாற்றலாம்.

கேள்வி: எனக்கு ஒரு நேர்கோடு போடக்கூட வராது. நான் திரைகளை வரையலாமா?

பதில்: தாராளமாக வரையலாம். கட்டம், கோடு, பெருக்கல் குறியிட்ட பெட்டி, சில சொற்கள் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலான திரைகளை வரைந்துவிட முடியும். பெருக்கல் குறியிட்ட பெட்டி படத்தைக் குறிக்கும்; அடுக்கிய கோடுகள் பத்தியைக் குறிக்கும். பொத்தானின் மேலுள்ள சொல்லை மட்டும் கோடாக விடாமல் முழுமையாக எழுதுங்கள். பயனர் அந்தச் சொல்லைப் படித்துத்தான் அழுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்; அதைத் தள்ளிப்போட்டால் திரையின் பொருளையே தள்ளிப்போட்டதாகிவிடும்.

கேள்வி: கட்டணமில்லாத கருவிகளை மட்டுமே பயன்படுத்த முடியும். அத்துடன், நாங்கள் வரையும் திரைகள் வெளியாருடைய வழங்கியில் சேமிக்கப்படக் கூடாது என்று ஒப்பந்தமும் இருக்கிறது. எங்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு, சொல்லப்போனால், உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு, நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறமூலக் கருவிகளே முதல் தேர்வு. பென்சில் உங்கள் கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் மென்பொருள். கைவரைவுத் தோற்றம் கொண்ட உறுப்புகளும் அதில் உண்டு. அதன் வளர்ச்சி மெதுவானது என்பதை அறிந்தே எடுத்துக்கொள்ளுங்கள். டிரா.ஐஓ அடிப்படையில் விளக்கப்படங்களுக்கான கருவி. திரை உறுப்புகளின் தொகுப்பும் அதில் இருப்பதோடு, கணினியில் நிறுவும் பதிப்பு இணையமின்றி இயங்குகிறது. 2020இல் தொடங்கிய எக்ஸ்காலிட்ராவில் தனியாக வரைந்தால் படம் உங்கள் உலாவியிலேயே தங்கும்; பலர் சேர்ந்து வரையும்போது, வழங்கிக்குச் செல்லும் தரவு, சேர்ந்து வரைபவர்களைத் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி முனைக்கு முனை மறையாக்கப்படுகிறது.

துல்லியமான வடிவமைப்பும் கூட்டுப்பணியும் வேண்டுமானால் பென்பாட்டைப் பாருங்கள். ஸ்பெயினைச் சேர்ந்த கலீடோஸ் நிறுவனம் உருவாக்கிய இந்தத் திறமூலக் கருவியை உங்கள் சொந்த வழங்கியிலேயே நிறுவிக்கொள்ளலாம். வழங்கியைப் பராமரிக்கவும் மேம்படுத்தவும் காப்புநகல் எடுக்கவும் குழுவில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பையும் செலவாகவே கணக்கிடுங்கள்.

கேள்வி: பல ஆண்டுகளாக வரைந்துவைத்த படங்கள், கருவி நின்றுபோனதால் திறக்க முடியாமற்போன அனுபவம் எங்களுக்கு உண்டு. இனி அப்படி நேராமல் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: பலரும் கருவியை வாங்கிய பிறகே நினைத்துப் பார்க்கும் கேள்வி இது. திரை வரையும் கருவிகளின் வரலாறு முழுக்க இத்தகைய முடிவுகள் இருக்கின்றன. வலைத்தளங்களின் திரைகளை வரையப் பலரும் நம்பியிருந்த ஃபயர்வொர்க்ஸின் வளர்ச்சியை நிறுத்துவதாக அடோபி 2013இல் அறிவித்தது. அதே நிறுவனத்தின் எக்ஸ்டி தனி மென்பொருளாக விற்கப்படுவது 2023இல் நின்றது. ஃபிக்மாவை 2,000 கோடி டாலருக்கு வாங்குவதாக 2022 செப்டம்பரில் அடோபி அறிவித்து, ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அதைக் கைவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் தம் கோப்புகளின் எதிர்காலம் குறித்துக் கவலைப்படாத வடிவமைப்புக் குழுக்கள் குறைவு. படங்களைப் பகிர்ந்து கருத்துப் பெறுவதற்குப் பெரிய நிறுவனங்கள் நம்பியிருந்த இன்விஷன், 2024ஆம் ஆண்டின் இறுதியில் தன் வடிவமைப்புச் சேவைகளை மூடிவிட்டது.

நிறுவனம் உறுதியாக நின்றாலும், கருவி சார்ந்திருக்கும் அடித்தளம் சரியலாம். பால்சமிக் முதலில் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தின் மேல் கட்டப்பட்டது. 2020 இறுதியோடு ஃபிளாஷுக்கான ஆதரவு முடிந்ததால் முழுவதையும் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. பென்சில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நீட்சியாகப் பிறந்தது. 2017 நவம்பரில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டது; பென்சில் இப்போது ஃபயர்ஃபாக்ஸைச் சாராத தனி மென்பொருளாக மீண்டும் எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரு கருவிகளும் பிழைத்ததற்குக் காரணம், அவற்றை உருவாக்கியவர்கள் மீண்டும் எழுத முன்வந்ததுதான். எல்லாக் கருவிக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை.

ஆகவே கோப்பின் உள்ளமைப்பைப் பாருங்கள். எக்ஸ்காலிட்ரா தன் படத்தை ஜேசன் வடிவிலும், டிரா.ஐஓ எக்ஸ்எம்எல் வடிவிலும் சேமிக்கின்றன; கருவி நாளை இல்லாமற்போனாலும் ஒரு நிரலாளர் அக்கோப்பைத் திறந்து உள்ளே இருப்பதை மீட்டுவிடலாம். பால்சமிக்கின் கோப்பு உண்மையில் எஸ்கியூலைட் என்ற பரவலான வடிவில் அமைந்த ஒரு தரவுத்தளம். ஸ்கெட்ச் 2017இல் வெளியிட்ட 43ஆம் பதிப்பிலிருந்து, ஜேசன் கோப்புகளைக் கொண்ட சுருக்கப்பொதியாக (ஜிப்) சேமிக்கிறது. ஃபிக்மாவின் கோப்பு வடிவமோ அந்நிறுவனத்துக்கே உரியது. வெளியாருக்கான விளக்கம் இல்லை. இதனால் ஃபிக்மாவை ஒதுக்கச் சொல்லவில்லை. எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், ஒவ்வொரு முடிவும் எட்டப்பட்ட நாளில் படங்களைப் பிடிஎஃப் ஆகவோ எஸ்விஜி ஆகவோ ஏற்றுமதி செய்து, திட்டத்தின் மற்ற ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள். திருத்த முடியாமற்போனாலும், என்ன முடிவெடுத்தோம் என்பதாவது கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் செயலி முழுவதும் தமிழில் இருக்கப்போகிறது. ஆனால் வரைவுப் படங்களை ஆங்கிலத்திலேயே வரைகிறோம். இது பிழையா?

பதில்: பிழை என்றே கருதுகிறேன், திருத்துவதும் எளிது. ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் ஒரு பொத்தானின் அகலத்தில் தமிழ்ச் சொல் அடங்காமற்போவதை நிரல் எழுதிய பிறகு கண்டுபிடிப்பதில் என்ன பயன்? பத்து எழுத்துக்கு உட்பட்ட சிறிய ஆங்கிலச் சொற்கள் பிற மொழிகளுக்குச் செல்லும்போது சராசரியாக இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கலாம் என்ற ஐபிஎம் நிறுவனத்தின் வழிகாட்டுதலை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் எடுத்துக்காட்டுகிறது. நீண்ட பத்திகளில் இந்த விரிவு குறைவு. பொத்தான், மெனு, நெடுவரிசைத் தலைப்பு போன்ற மிகக் குறுகிய இடங்களில்தான் அது மிகுதி. ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?’, ‘அறிவிப்பு அமைப்புகள்’ ஆகியவற்றை உங்கள் கைப்பேசிச் சட்டத்துக்குள் எழுதிப் பாருங்கள். கீழே நான்கைந்து பிரிவுகளை அடுக்கும் பட்டை தமிழில் சாத்தியமா, சின்னம் மட்டும் போதுமா என்ற கேள்வி தானாகவே எழும். உயரமும் கவனிக்கத்தக்கது. இகர ஈகாரக் குறிகளும் புள்ளியும் மேலே எழுவதாலும், உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குவதாலும், ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கமாகிவிடும்.

இடத்தை நிரப்ப வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் ‘லோரம் இப்சம்’ என்ற உரை, கி.மு. 45இல் சிசெரோ எழுதிய லத்தீன் நூல் ஒன்றின் சிதைந்த துண்டு. தமிழ்த் திரைக்கு அது எதையும் உணர்த்தாது. உண்மையான தமிழ் உரையை, முழுமையாக இல்லாவிட்டாலும் முதல் வரைவாகவேனும் எழுதி நிரப்புங்கள்.

இதனால் கருவித் தேர்வில் ஒரு சோதனை கூடுகிறது. யூனிகோடில் ‘கெ’, ‘கொ’ போன்றவற்றில் மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. திரையில் குறியை முன்னே கொண்டுவந்தோ இருபுறமும் பிரித்தோ காட்டுவது எழுத்துகளை அமைக்கும் பொறியின் வேலை. அந்தப் பொறி இல்லாத கருவியில் கொம்பு (எகரக் குறி) இடம்மாறி நிற்கும். புள்ளி விலகித் தெரியும். கருவியைத் தேர்வுசெய்யும் முன் ‘கொண்டுசெல்’, ‘மேலே’, ‘வௌவால்’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றைத் தட்டச்சு செய்து திரையில் பார்ப்பதோடு நிறுத்தாமல், பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தும் பாருங்கள். திரையில் சரியாக இருந்து ஏற்றுமதியில் உடைவதும் நேர்வதுண்டு. கைவரைவுத் தோற்றக் கருவிகளோடு வரும் கையெழுத்துப் பாணி எழுத்துருக்களில் பெரும்பாலும் தமிழ் இருப்பதில்லை. கோடுகள் கிறுக்கலாகவும் எழுத்து மட்டும் அச்சுப் போலவும் தெரியும். எழுத்துருவை மாற்ற இடங்கொடுக்கும் கருவியாக இருந்தால், கவிவனார் போன்ற கையெழுத்துச் சாயலுள்ள திறந்த எழுத்துருவைப் பயன்படுத்தலாம்.

கேள்வி: சொடுக்கினால் அடுத்த திரைக்குச் செல்லும்படி வரைவுகளை இணைக்க வேண்டுமா? அதற்குத் தனிக் கருவி தேவையா?

பதில்: வழியைச் சோதிக்க வேண்டுமானால் இணையுங்கள். பால்சமிக், பென்சில், ஃபிக்மா ஆகிய மூன்றிலும் அந்த வசதி உண்டு. பவர்பாயிண்ட் போன்ற காட்சியுரை மென்பொருளில்கூட ஒரு கட்டத்திலிருந்து வேறொரு பக்கத்துக்கு இணைப்புத் தரலாம். தாளில் வரைந்திருந்தால், ஒருவர் பயனராக அமர்ந்து விரலால் தொட, மற்றொருவர் கணினியின் இடத்திலிருந்து அடுத்த தாளை எடுத்துவைக்கலாம். இந்த எளிய சோதனை பல பெரிய நிறுவனங்களில் முறைப்படி நடத்தப்பட்டுவந்திருக்கிறது.

யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வகுத்த கணக்கின்படி, ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்களை வெளிக்கொணர்ந்தால், ஐந்து பயனர்கள் ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிக்கொணர்வார்கள். அந்த 31 என்பது அவர்கள் ஆராய்ந்த திட்டங்களின் சராசரி. உங்கள் மென்பொருளுக்கும் அதுவே பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் ஒரே வரைவைப் பதினைந்து பேரிடம் காட்டுவதைவிட, ஐந்து பேரிடம் காட்டித் திருத்தி, திருத்தியதை வேறு ஐந்து பேரிடம் காட்டுவது மேலானது என்று நீல்சன் பின்னர் தந்த பரிந்துரை நடைமுறைக்கு மிகவும் உகந்தது. அப்படித் திருத்தித் திருத்திக் காட்டுவதற்கு விரைவாக மாற்றக்கூடிய கருவி வேண்டும் என்பதால், இங்கும் எளிய கருவிக்கே என் வாக்கு.

கேள்வி: நிரல்களைப் போலவே திரை வரைவுகளின் மாற்றங்களையும் பதிப்பு மேலாண்மையில் வைக்க விரும்புகிறோம்.

பதில்: அப்படியானால் உரையாக எழுதினால் படமாகத் தரும் கருவியைப் பாருங்கள். பிளான்ட்யுஎம்எல் என்ற கருவியில் சால்ட் என்ற பகுதி உண்டு. சதுர அடைப்புக்குள் சொல்லை எழுதினால் பொத்தானாகவும், இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் உள்ளீட்டுப் பெட்டியாகவும் வரைந்துவிடும். எந்த வரி மாறியது என்பது கிட் (Git) என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் துல்லியமாகத் தெரியும். அழகை எதிர்பார்க்காதீர்கள், படிவங்கள் நிறைந்த நிர்வாக மென்பொருளுக்கு இது போதுமானது. குழுவில் எல்லோருக்கும் எச்டிஎம்எல் கைவந்திருந்தால், நிறமில்லாத எளிய பக்கங்களாகவே எழுதிப் பார்ப்பதும் நல்ல வழி.

கேள்வி: விவரித்துச் சொன்னாலே செயற்கை நுண்ணறிவு திரையை வரைந்து தந்துவிடுகிறது. இனி வரையும் கருவிகள் எதற்கு?

பதில்: மாற்று அமைப்புகளை விரைவாகப் பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அது முதல் நொடியிலேயே நிறமும் நிழலும் கொண்ட முடிந்த தோற்றத்தைத் தருவதால், மேலே ஒரு வாசகர் எழுதிய சிக்கல் இன்னும் விரைவாக வந்து சேரும். திரையில் என்ன வேண்டும் என்று நீங்கள் தாளில் முடிவுசெய்த பிறகு அதனிடம் கேளுங்கள். சாம்பல் நிறக் கட்டங்களாகவே தரும்படியும் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு மூன்று கருவிகளைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். இறுதி முடிவுக்கு எப்படிச் சோதிப்பது?

பதில்: வெற்றுத் திரையை வரைந்து சோதிக்காதீர்கள், எல்லாக் கருவியும் அதில் தேறிவிடும். உங்கள் மென்பொருளின் மிகச் சிக்கலான ஒரு திரையை எடுத்து ஒவ்வொரு கருவியிலும் வரையுங்கள். பிறகு அட்டவணையின் நடுவில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, எத்தனை உறுப்புகளைக் கையால் நகர்த்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அதே திரையைப் படியெடுத்து, தரவு எதுவும் இல்லாத நிலை, பிழைச்செய்தி தோன்றும் நிலை, தரவு வந்துகொண்டிருக்கும் நிலை ஆகிய மூன்றையும் வரையுங்கள். பெரும்பாலான வரைவுகளில் விடுபட்டு, பின்னர் நிரலாளரின் ஊகத்துக்கு விடப்படுபவை இவைதாம். அடுத்து, எல்லாத் திரைகளுக்கும் பொதுவான மெனுவில் ஒரு சொல்லை மாற்றி, அது ஓரிடத்தில் மாற்றினால் எங்கும் மாறுகிறதா, ஒவ்வொன்றாக மாற்ற வேண்டுமா என்று கவனியுங்கள். கடைசியாக, அந்தக் கருவியை ஒருபோதும் பார்த்திராத, கணினியில் அதிகப் பழக்கமில்லாத ஒருவருக்குப் படத்தை அனுப்பி, அதன்மேல் ஒரு குறிப்பு எழுதித் திருப்பியனுப்பச் சொல்லுங்கள். கணக்குத் தொடங்கவோ மென்பொருள் நிறுவவோ வேண்டியிருந்து அவர் பாதியில் நிறுத்திவிட்டால், அவரைப் போன்றவர்களிடம் கருத்துக் கேட்பதற்கு அக்கருவி பயன்படாது. அச்சிட்ட தாளைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.